கப்பலின் ஞானத்தகப்பன்

சான் எமேரியோ ஊரில் அன்பும் பாசமும் நூற்றைம்பது பெசோ. நோட்டரி முத்திரை அதில் அடக்கம். நகல் வேண்டுமென்றால் தாளுக்கு ஐந்து பெசோ கூடுதல். நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே, நகலெடுக்கும் கடைக்கும் வாழைப்பழம் பொரித்து விற்கிறவளுக்கும் நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த நோட்டரி, ‘மேற்படியார்மீது கொண்ட அன்பும் பாசமும் கருதி, வேறெந்தப் பிரதிபலனும் இன்றி’ என்ற வரியை முன்பே அச்சடித்து வைத்திருந்தார். பெயரை நிரப்ப வேண்டியதுதான் பாக்கி. கார்போ பேரம் பேசிப் பார்த்தான். நூற்றிருபதுக்கு முடியாதா என்று கேட்டான்.

“அன்புக்கு ஒரே ரேட்டுதான் நோங்,” என்றார் நோட்டரி, அண்ணன் என்கிற மரியாதையோடு. “அடமானம்னா குறைச்சுப் போடலாம்.”

கார்போ எழுதிக் கொடுத்தது நிலமல்ல, வீடல்ல. கடலுக்குள் கிடந்த ஒரு வழி.

கார்போ குடியிருந்தது புங்கலாவ் கிராமத்தில். சந்தை, ஆஸ்பத்திரி, நகராட்சி எல்லாம் அக்கரையில், சான் எமேரியோவில். நடுவில் நான்கு கிலோமீட்டர் விரிகுடா. வரைபடத்தில் அது நீலம். நேரில் பால் குறைந்த தேநீர் நிறம். நீர் ஏறினால் நெஞ்சளவு, வற்றினால் கணுக்காலளவு, அதற்கும் அடியில் ஆளை இடுப்புவரை விழுங்கும் சேறு. அந்தச் சேற்றுக்கு நடுவே, அடியில் கெட்டி மணலோடு, ஒரு வழி வளைந்து வளைந்து போகும். வருடா வருடம் தென்மேற்குக் காற்று ஓய்ந்ததும் பதினேழு படகுக்காரர்களும் தண்ணீரில் இறங்கி, காலால் தடவித் தடவி அதைக் கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் மூங்கில் நடுவார்கள். காற்று அதிகமாக அடித்த வருடம் வழி நூறு அடி தள்ளிப்போயிருக்கும். மூங்கிலும் கூடவே தள்ளிப்போகும். இது யாருடைய வழி என்று யாரும் கேட்டதில்லை. மூங்கில் வெட்டி வருவது யார் என்பதில்தான் சண்டை வரும்.

பொலிகார்ப்போ டுமாலகன் என்ற கார்போவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு பக்கமும் மூங்கில் சிறகு கட்டிய இயந்திரப் படகு ஒன்று வைத்திருந்தான். ஆளுக்கு இருபது பெசோ, கோழிக்குக் கூலி இல்லை, பன்றிக்கு உண்டு. ஒரு சனிக்கிழமை அவன் வீட்டு வாசலில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. மேயர் ஃபெலிசிசிமா ஒர்துன்யோ இறங்கினார். மேயர் சிசிங் என்றால்தான் ஊருக்குத் தெரியும். முகம் அதைவிட நன்றாகத் தெரியும்: பள்ளிச்சுவர், சேவல் சண்டை மைதானம், சவப்பெட்டிக் கடை எல்லாவற்றிலும் பிளெக்ஸில் சிரித்துக்கொண்டிருப்பார். ‘புயல் பருவத்துக்கு நல்வாழ்த்துகள்’ என்றுகூட ஒன்று வைத்திருந்தார்.

“என்ன நோங், உள்ள கூப்பிட மாட்டியா? பயப்படாத, வோட்டு கேக்க வரல.”

கார்போவின் மனைவி லியோனிசா கருவாட்டுக் கூடையைக் காலாலேயே கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு நாற்காலி போட்டாள்.

“நகராட்சிக்குக் கப்பல் வருது,” என்றார் மேயர். “நூத்தியிருபது பேர் உக்காரலாம். ஏசி. அடுத்த மாசம் ஞானஸ்நானம். பன்னண்டு ஞானப்பெத்தவங்க. எம்.பி. இருக்காரு, பேங்க் மேனேஜர் இருக்காரு, அரிசி மண்டிக்காரர் இருக்காரு. ஏழைங்க சார்புல ஒருத்தர் வேணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். அது நீதான்.”

“நானா?”

“நீ ஏழைதானே?”

“ஆமா மேயர்.”

“அப்புறம் என்ன?”

கார்போவுக்கு மறுக்க வாய் வரவில்லை. யாருக்கு வரும்? ஒரு குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நிற்பது குழந்தைக்காக அல்ல, அதைப் பெற்றவர்களுக்குப் பாரே ஆவதற்காக. பாரே என்றால் ரத்த உறவுக்கு அடுத்த படி. பாரேயின் படகைப் போலீஸ் நிறுத்தாது. பாரேயின் விண்ணப்பம் கட்டின் அடியில் கிடக்காது. வருடா வருடம் படகு உரிமத்தைப் புதுப்பிக்கக் கார்போ ஏழு ஜன்னல்களில் நிற்பான். ஆறாவது ஜன்னல்காரர் எப்போதும் சாப்பிடப் போயிருப்பார். கப்பலுக்குத் தகப்பன் கிடையாது, தாய் மேயர். ஆகவே மேயர் இனி கார்போவுக்கு மாரே, அதாவது பெண் பாரே. அந்த ஏழு ஜன்னல்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொள்வது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

“ஞானப்பிள்ளைக்குப் பரிசு குடுக்கணுமே மேயர். என்கிட்ட...”

“உன்கிட்ட காசு யாரு கேட்டா? உனக்குத் தெரிஞ்சதக் குடு. அந்த வழியக் குடு. பொறந்த பிள்ள மொத அடி எடுத்து வைக்க ஒரு எடம் வேணாமா?”

கார் போனபின் லியோனிசா கேட்டாள், “அந்த வழி நம்முதா, தூக்கிக் குடுக்க?”

கார்போ கண்ணாடி முன்னால் கல்யாணத்துக்குத் தைத்த பாரோங் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். வயிற்றுக்கு மேல் பித்தான் எட்டவில்லை.

“கேட்டா எல்லாரும் சரின்னுதான் சொல்வாங்க.”

“கேட்டியா?”

“சரின்னு சொல்லப்போறவங்கள எதுக்குப் போய்க் கேக்கணும்?”

ஞானஸ்நானத்தன்று காலை ஒன்பது மணிக்கு நீர் முழுக்க ஏறி நின்றது. கப்பல் வெள்ளை வெளேரென்று துறையில் ஆடிக்கொண்டிருந்தது. பெயர் ‘ஃபெலிசிசிமா’. பக்கவாட்டில் மேயரின் முகம், அலையைப் பார்த்துச் சிரித்தபடி. ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். கொடைப்பத்திரம் வாசிக்கப்பட்டது: கொடுப்பவர், பொலிகார்ப்போ டுமாலகன். பெறுபவர், கப்பல். பிறந்து பதினோரு நாளே ஆன மைனர் என்பதால் அதன் சார்பில் தாயார் கையெழுத்திட்டார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். புகைப்படக்காரன் கேட்டதால் மறுபடியும் கட்டிக்கொண்டார்கள்.

பிறகு பேச்சு தொடங்கியது.

நவீன நீர்வழிப் போக்குவரத்து ஆணையத்தின் டைரக்டர் இஞ்சினியர் ருபேர்தோ முதலில் பேசினார். அவர் மேயரின் அக்கா மகன். அது தற்செயல் என்று அவரே சொன்னார். “இந்தத் திட்டத்துக்கு மூணு வருஷம் ஆழம் பாத்தோம்,” என்றார். “ஜப்பானுக்கு ரெண்டு தடவ போய்ப் பாத்தோம். நார்வேக்கு ஒரு தடவ. அங்கெல்லாம் ஆழம் தாராளமா இருந்துது. நம்ம விரிகுடாவக் கடைசியாப் பாத்துக்கலாம்னு விட்டோம், அதுக்குள்ள நிதி முடிஞ்சுபோச்சு. ஆனா நம்பிக்கை முடியல!” கைதட்டல். எம்.பி. ஒரு மணி நேரம் பேசினார். பேங்க் மேனேஜர் ஒரு பாட்டு பாடினார்.

பதினொன்றரைக்கு மேயர் ஒலிவாங்கியைப் பிடித்தபோது கார்போ பக்கத்தில் போய்க் காதைக் கடித்தான். “மாரே, தண்ணி எறங்குது.”

“இரு பாரே, கைதட்டறாங்க பாரு.” பிறகு கூட்டத்தைப் பார்த்து, “என் எதிரிங்க சொல்றாங்க, இந்த விரிகுடாவுல ஆழம் இல்லன்னு. ஆழம் இல்லாதது அவங்க மனசுல! நான் அஞ்சு தேர்தல்ல நின்னவ. எனக்குத் தரை தட்டுறதுன்னா என்னன்னே தெரியாது!”

ஒரு மணிக்கு நாடா வெட்டினார்கள். கப்பல் உறுமியது, புகை விட்டது, சேற்றைக் கிளறியது, நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கு நெஞ்சளவு தண்ணீர் வேண்டும். அடியில் இருந்தது முழங்காலளவு. அன்று அந்தக் கப்பலைத் தொட்டதில் உருப்படியான தண்ணீர் ஃபாதர் தெளித்ததுதான். ஞானப்பெற்றோர் பன்னிரண்டு பேரும் உள்ளேயே ஏசியில் உட்கார்ந்து பன்றி வறுவல் சாப்பிட்டார்கள். முதல் பயணம் வெற்றி என்று மறுநாள் பிளெக்ஸ் வந்தது.

சேவை தொடங்கியது. கப்பல் எட்டு மணிக்குப் புங்கலாவிலிருந்து புறப்படும். புறப்படுமுன் கொடி ஏற்றம், ஜெபம், ஊழியர் வருகைப் பதிவு, உயிர்காப்பு அங்கி அணிவது எப்படி என்று ஒரு படம், மேயரின் வாழ்த்து என்று இன்னொரு படம். ஒன்பதரைக்குக் கயிறு அவிழ்ப்பார்கள். மூன்றாவது கிலோமீட்டரில் கப்பல் உட்கார்ந்துவிடும். நீர் சரியாக ஏறுகிற அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கப்பல் ஓடாது. அன்றைக்கெல்லாம் ஆணையத்தின் ஆய்வுக் கூட்டம். ஊரில் ஏசி இருக்கிற பெரிய அறை கப்பலுக்குள்தான் இருந்தது.

“இஞ்சினியர், தண்ணியப் பாத்து நேரம் வெச்சா போதுமே,” என்று கார்போ சொல்லிப் பார்த்தான்.

இஞ்சினியர் ருபேர்தோ அவனைப் பரிவோடு பார்த்தார். “நோங், அரசாங்க ஆபீஸ் நிலாவைப் பாத்தா தொறக்கும்? நாங்க நேரத்துக்குத்தான் போறோம். தண்ணிதான் நேரத்துக்கு வரல. அத எழுத்துல பதிவு பண்ணியிருக்கோம்.”

முதல் வாரங்களில் யாருக்கும் நஷ்டமில்லை. கப்பல் சேற்றில் உட்காரும். பதினேழு படகுகளும் போய்ப் பயணிகளை இறக்கி, ஆளுக்கு இருபது வாங்கிக்கொண்டு கரை சேர்க்கும். பயணிகள் ஏசியும் அனுபவித்தார்கள், ஊரும் போய்ச் சேர்ந்தார்கள். பாரே புண்ணியத்தில் வியாபாரம் என்று கார்போவின் தோளில் தட்டினார்கள். படகில் ஏறுகிறவர்களிடம் “என் ஞானப்பிள்ள கொஞ்சம் சோம்பேறி” என்று அவன் மன்னிப்புக் கேட்டுக்கொள்வான்.

பிறகு ஒருநாள் மூங்கில்தோறும் மஞ்சள் தகடு தொங்கியது. கொடைப்பத்திரத்தின்படி இவ்வழி ஆணையத்தின் சொத்து. பிற படகுகள் நுழைதல் குற்றம். விரிகுடாவின் ஏனைய பகுதிகளை அவை தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஏனைய பகுதி என்றால் சேறு. அன்று காலை முதலில் பிடிபட்ட படகு கார்போவுடையது. இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

கரையில் பதினாறு பேர் காத்திருந்தார்கள். முன்னால் நின்றவன் புர்சியோ. கார்போவோடு முப்பது வருடம் மூங்கில் நட்டவன்.

“வாங்க பாரே, வாங்க. மேயரோட சொந்தக்காரரு வர்றாரு, வழி விடுங்கடா. ஓ, வழிதான் இல்லியே!”

“புர்சியோ, நான் தெரியாம...”

“என்னடா தெரியாம? பதினேழு பேரு கால் தடவிக் கண்டுபுடிச்ச வழி. உன் ரெண்டு கால எழுதிக் குடுத்திருந்தா யாரு கேக்கப்போறா? எங்க முப்பத்திரண்டு காலையும் சேத்து எழுதிக் குடுத்திட்டியேடா!”

“மேயர் என் மாரே. நான் பேசிட்டு வரேன். ஒரு வார்த்தை போதும்.”

புர்சியோ அவன் காலடியில் துப்பினான். குறி தப்பவில்லை.

மேயரைப் பார்க்க ஒன்பது நாள் ஆயிற்று. பார்த்ததும் அவர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். “பாரே! இப்பிடி எளைச்சுப் போயிட்டியே!”

“மாரே, என் படகு இன்ஜின எடுத்துக்கிட்டாங்க.”

“யாரு?”

“உங்க ஆளுங்க.”

“என் ஆளுங்க இல்ல பாரே. குழந்தையோட ஆளுங்க. நான் வெறும் அம்மா.” மேயர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “நீயே சொல்லு. ஆளுக்கு இருபது வாங்கி நீங்க ஏத்திட்டுப் போனா குழந்த எப்பிடிப் பொழைக்கும்? ஞானப்பிள்ள வாயிலருந்து சோத்தப் பிடுங்குற ஞானத்தகப்பன நீ எங்கயாவது பாத்திருக்கியா? ஊர் என்ன சொல்லும்? உன்னத்தானே பாரே காறித் துப்பும்?”

ஏற்கெனவே துப்பிவிட்டது என்று சொல்லக் கார்போவுக்கு வெட்கமாக இருந்தது.

ஞானத்தகப்பன் பொறுப்பிலிருந்து விலகிவிடலாம் என்று தோன்றியது. ஐந்தாவது ஜன்னலில் கேட்டான். அதற்குப் படிவம் இல்லை. கோயிலில் கேட்டான். அது ஆயுள் பந்தம் என்றார்கள். கப்பல் இறந்தால் வரச் சொன்னார்கள். கடைசியில் இஞ்சினியர் ருபேர்தோதான் சட்டப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார்.

“கொடையத் திருப்பி வாங்க ஒரு வழி இருக்கு நோங். வாங்கினவங்க நன்றி கெட்டவங்கன்னு நிரூபிக்கணும். கப்பல் உங்கள அடிச்சிருக்கா?”

“இல்ல.”

“திட்டியிருக்கா?”

“இல்ல.”

“வயசான காலத்துல சோறு போட மாட்டேன்னு சொல்லியிருக்கா?”

“அது எங்க பேசுது?”

“அப்ப நன்றியோடத்தான் இருக்கு,” என்று புத்தகத்தை மூடினார்.

ஜூலையில் தென்மேற்குக் காற்று வந்தது. இந்த வருடம் மூர்க்கமாக அடித்தது. ஓய்ந்தபோது வழி முந்நூறு அடி வடக்கே போயிருந்தது. மஞ்சள் தகடு தொங்கிய மூங்கில்கள் வெறும் சேற்றில் நின்றன. ஆனால் பத்திரத்தில் எழுதிய வழிதான் சட்டப்படி வழி. கப்பல் அதில் போனது. மூன்றாவது கிலோமீட்டரில் உட்கார்ந்தது. இந்த முறை எந்த நீரேற்றத்துக்கும் எழவில்லை. ‘நங்கூரமிட்ட நிலை’ என்று ஆணையம் அறிவித்தது.

வெள்ளைக் கார் மறுபடி கார்போ வாசலுக்கு வந்தது. மேயர் மேசைமேல் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று புதிய கொடைப்பத்திரம். இன்னொன்று ஐந்து வருடப் படகு உரிமம். கார்போ பெயர் போட்டு, ஏழு ஜன்னல் முத்திரையும் அடித்து, ஆறாவது உட்பட.

“குழந்த சேத்துல கெடக்குது பாரே. புது வழி எங்க போகுதுன்னு உனக்குத் தெரியும்ல? எழுதிக் குடு. உன் இன்ஜின் நாளைக்கே வீடு வந்து சேரும்.”

கார்போ உரிமத்தைக் கையில் எடுத்தான். காகிதம் கனமாக, நல்ல காகிதமாக இருந்தது. மூன்று மாதமாக லியோனிசா கருவாட்டை உள்ளூரில் பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் அடுப்புப் பக்கம் நின்று அவனையே பார்த்தாள். அவன் உரிமத்தைத் திரும்ப மேசைமேல் வைத்தான்.

“அது என்னோடது மட்டும் இல்ல மாரே. பதினேழு பேரோடது.”

“போன தடவ இதச் சொல்லலியே?”

“போன தடவ சட்டை போட்டுப் பாத்துட்டிருந்தேன்.”

மேயர் கோபப்படவில்லை. சற்று யோசித்தார். “சரிதான் பாரே. நியாயம். மத்த பதினாறு பேர் யாரு? பேரச் சொல்லு.”

கடைசியில் கேட்க வேண்டியவர்களைக் கேட்கப்போகிறார்கள் என்று கார்போவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒவ்வொரு பெயராக, வீட்டு அடையாளத்தோடு சொன்னான்.

மூன்றாம் நாள் புர்சியோ வந்தான். துப்பியதற்குப் பிறகு முதல் தடவை.

“நோங், அந்த பாரோங் சட்டை இருக்கா? ஒரு நாளைக்குத்தான்.”

“எதுக்குடா?”

“மேயர் வீட்டுக்கே வந்தாங்க! எங்க வீட்டுப் பாய்ல உக்காந்து, என் பொண்டாட்டி சமைச்ச மீனக் கையால தின்னாங்க. ஞாயித்துக்கெழம கப்பல்லயே விழா. பதினாறு பேரும் ஞானப்பெத்தவங்க.”

“புர்சியோ, என்னப் பாத்ததுக்கு அப்புறமுமா?”

“உன்னப் பாத்ததுனாலதான். நீ ஒத்த ஆளு, ஏமாத்திட்டாங்க. நாங்க பதினாறு பேரு. பதினாறு பாரேவ ஒரே நேரத்துல எவன்டா ஏமாத்த முடியும்?”

“பத்திரத்த வாசிச்சியா?”

“அன்பும் பாசமும்னுதான் போட்டிருக்கு. உனக்குப் பொறாம, நோங். நீ ஒருத்தனே சொந்தக்காரனா இருக்கணும்னு பாக்குற.”

கார்போ சட்டையை எடுத்துக் கொடுத்தான். புர்சியோவுக்குப் பித்தான் எட்டியது.

ஞாயிற்றுக்கிழமை சேற்றில் கிடந்த கப்பலில் பதினாறு பேரும் ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டார்கள். வழியைத் தடவிக் கண்டுபிடித்து இஞ்சினியருக்குக் காட்டியவர்களும் அவர்களே. இந்த முறை பத்திரம் கவனமாக எழுதப்பட்டிருந்தது: வழி இப்போது இருக்கும் இடம், இனி எங்கெங்கு நகருமோ அந்த இடங்கள், அதன் தண்ணீர், தண்ணீர் இல்லாதபோது அதன் மணல். மேயர் பதினாறு பேரையும் கட்டிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலை பதினாறு படகுகளின் இயந்திரங்களும் கழற்றப்பட்டன. ரசீது கொடுத்தார்கள்.

புர்சியோ சட்டையைத் துவைத்து, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். வாசலிலேயே நின்றான். லியோனிசா இருவருக்கும் காப்பி வைத்தாள். குடித்துவிட்டுப் போனான்.

அடுத்த வற்று நீர் நாளில் கார்போ இரண்டு கூடைக் கருவாட்டைக் கழியில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு கடலில் இறங்கி நடந்தான். புது வழி முழங்காலளவுதான், அடியில் மணல் கெட்டியாக இருந்தது. மூன்றாவது கிலோமீட்டரில், இடப்பக்கம் தூரத்தில் சாய்ந்து கிடந்த கப்பலிலிருந்து விசில் சத்தம் வந்தது. டிக்கெட் எழுதும் பெண் மேல்தளத்தில் குடை பிடித்து நின்றாள்.

“நோங், டிக்கெட்!”

“நான் நடந்து போறேம்மா!”

“வழி எங்களோடது நோங்! முப்பத்தஞ்சு பெசோ. எனக்கும் இன்னிக்கு ஒரு டிக்கெட்டாவது கிழிக்கணும்ல?”

கப்பலிலிருந்து புது வழிவரை ஆணையம் போட்டிருந்த பலகை நடைபாதையில் அவள் வந்து டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அவன் நீட்டிய நூறு பெசோ நோட்டுக்கு மீதி அறுபத்தைந்தையும் கொடுத்தாள். உப்புத் தண்ணீர் படாமல் அவன் அதை வாயில் கவ்விக்கொண்டான். சான் எமேரியோ துறையில் இஞ்சினியர் ருபேர்தோ ஓடி வந்து கைகொடுத்தார். புகைப்படம் எடுத்தார்கள். கூடையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை.

“எங்க சேவையப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க நோங்.”

“கால் வலிக்குது இஞ்சினியர்.”

வருடக் கடைசியில் துறையின் முகப்பில் ஆணையத்தின் அறிக்கைப் பலகை வைத்தார்கள். மேயர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், தோளில் கூடையோடு கார்போ. கீழே கணக்கு:

ஞானப்பெற்றோர், இருபத்தெட்டு. அன்பளிப்பாகப் பெற்ற வழிகள், இரண்டு. வழங்கிய டிக்கெட்டுகள், நானூற்றுப் பன்னிரண்டு. எங்கள் சேவையில் அக்கரை சேர்ந்தவர், ஒருவர். பயணத்தில் இருப்பவர்கள், நானூற்றுப் பதினொருவர். தணிக்கை செய்யப்பட்டது, கணக்கு சரி.